வகுப்போடு உயிரியல் பூங்காவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போக முடிவான நாளிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியை அப்படியே வைத்திருக்கிறோம். பதில்கள் 5 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை.

1. அஞ்சு வயசுப் பிள்ளைங்களை இப்பவே கூட்டிட்டுப் போகலாமா? இல்ல, இன்னும் கொஞ்சம் வளரட்டுமா?

தாராளமாகப் போகலாம். வயதுக்கு ஏற்ப மாற வேண்டியது நேரமும் தூரமும்தான். 5, 6 வயதுப் பிள்ளைகளால் இடையிடையே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சுற்ற முடியும். அதைத் தாண்டினால் எதைக் காட்டினாலும் கண்ணில் பதியாது, கால் வலிதான் பெரிதாகத் தெரியும். 9, 10 வயதுக்காரர்கள் சாப்பாட்டு இடைவேளை உட்பட நான்கு மணி நேரம் தாங்குவார்கள்.

இந்த இரு வயதுப் பிரிவினரையும் ஒரே நாளில் அழைத்துப் போனாலும் ஒரே வரிசையில் நடத்த வேண்டாம். பெரியவர்களின் நடைக்குச் சின்னவர்கள் ஓட வேண்டிவரும், சின்னவர்களின் நடைக்குப் பெரியவர்கள் பொறுமையிழந்து கலைவார்கள்.

2. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேணும்? நாற்பது பேருக்கு மூணு டீச்சர் போதாதா?

போதாது. 5 முதல் 7 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 8 முதல் 10 வயது வரை எட்டு அல்லது பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நடுவே ஒரே பார்வையில் முகம் முகமாகச் சரிபார்க்க முடிகிற அளவு ஆறுதான். உங்கள் பள்ளிக்கோ பகுதிக்கோ இதைவிடக் கண்டிப்பான விதி இருந்தால் அதுவே செல்லும்.

எண்ணிக்கையைவிட முக்கியம், எந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்பது பெயரோடு எழுதப்பட்டிருப்பது. “எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்குவோம்” என்று கிளம்பும் பயணங்களில்தான் ஒரு பிள்ளை தவறிப்போவதை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பெரியவர் கையிலும் தன் குழுவின் பெயர்ப்பட்டியல் இருக்கட்டும். பயணத்தை நடத்தும் ஆசிரியருக்குத் தனிக் குழு கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் உடன் போவதற்கும், பின்தங்கும் குழுவை ஒழுங்குபடுத்துவதற்கும் அவர் கை காலியாக இருக்க வேண்டும்.

3. பூங்கா மேப் கையிலதான் இருக்கே, அதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போய்ப் பார்க்கணுமா?

போக வேண்டும். வரைபடத்தில் இல்லாதவைதான் அன்றைக்குத் தேவைப்படும். எந்தக் கழிப்பறை திறந்திருக்கிறது, எத்தனை கதவு, உள்ளே தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா, நிழல் எங்கே, பேருந்து எங்கே நிற்கும், முதலுதவி அறை எந்தப் பக்கம், எந்த விலங்கின் இடம் பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, கைப்பேசிக்கு எங்கெல்லாம் சிக்னல் கிடைக்காது: இவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வார விடுமுறை நாளையும் உணவு கொடுக்கும் நேரங்களையும் ஊழியர்களிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, குனிந்து பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு அருமையாகத் தெரியும் இடத்தில் அவர்களுக்குக் கைப்பிடிச் சுவர் மட்டுமே தெரியலாம். அப்படிப்பட்ட இடங்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளையைச் சுவர்மேலோ தடுப்புக் கம்பிமேலோ ஏற்றிக் காட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நீங்கள் பத்து நிமிடத்தில் நடந்த தூரத்துக்குப் பிள்ளைகளோடு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

4. ஒப்புதல் படிவத்துல கையெழுத்து மட்டும் வாங்கினா போதுமா?

கையெழுத்தோடு இவற்றையும் கேளுங்கள்: ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தினமும் எடுக்கும் மருந்து, பேருந்தில் குமட்டல் வருமா, எந்த விலங்குக்காவது கடுமையான பயம் உண்டா, அன்றைக்கு எடுக்கும் தொலைபேசி எண்கள் இரண்டு, திரும்பி வந்ததும் பிள்ளையை அழைத்துப் போகிறவர் யார், படம் எடுக்கவும் பகிரவும் சம்மதமா.

மருந்து அதன் சொந்த உறையிலோ பெட்டியிலோ, பிள்ளையின் பெயரும் அளவும் எழுதப்பட்டு வர வேண்டும். அது அந்தப் பிள்ளையின் குழுப் பொறுப்பாளர் தோளில் இருக்க வேண்டும், பேருந்தில் அல்ல. மூச்சுத்திணறல் வரும் பிள்ளையின் இன்ஹேலர் வாகன நிறுத்தத்தில் பூட்டிய பேருந்துக்குள் கிடந்தால் அது இல்லாததற்குச் சமம்.

5. பஸ்ல ஒரு பிள்ளை வாந்தி எடுத்தா வரிசையா எல்லாரும் எடுக்கிறாங்க. என்ன செய்ய?

குமட்டல் வருமென்று படிவத்தில் எழுதப்பட்ட பிள்ளைகளை முன்னிருக்கைகளில், முன்பக்கச் சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். ஓடும் வண்டியில் புத்தகமோ கைப்பேசியோ வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டத் தின்பதும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எளிதாகச் சாப்பிட்டிருந்தால் நல்லது. ஜன்னல் திறந்து காற்று வரட்டும், ஆனால் தலையும் கையும் வெளியே போகாமல் ஒரு பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டையில்லாத பைகள், பழைய துணி, தண்ணீர், ஒரு மாற்றுடை ஆகியவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

6. எப்பப் போனாலும் சிங்கம் தூங்கிட்டேதான் இருக்கு. எத்தனை மணிக்குப் போனா விலங்குங்க நடமாடுறதைப் பார்க்கலாம்?

பூங்கா திறந்ததும் போய்விடுங்கள். காலைக் குளிர்ச்சியில் பல விலங்குகள் நடமாட்டத்தோடு இருக்கும், வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கிவிடும். உணவு கொடுக்கும் நேரத்தையொட்டியும் அசைவு கூடும்.

சிங்கம் மட்டும் எப்போது போனாலும் படுத்திருக்க வாய்ப்பு அதிகம். காட்டிலேயே அது ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கும் விலங்கு. இதைப் பயணத்துக்கு முந்தைய நாளே வகுப்பில் சொல்லிவிட்டால், “தூங்குது மிஸ்” என்ற ஏமாற்றம் “நீங்க சொன்ன மாதிரியே தூங்குது மிஸ்” என்ற மகிழ்ச்சியாக மாறும். படுத்திருக்கும் சிங்கத்திடமும் பார்க்க நிறைய இருக்கிறது: விலா ஏறி இறங்குவது, கண் மூடியிருக்கும்போதே காது திரும்புவது, வால் நுனியின் முடிக்குஞ்சம்.

7. எல்லா விலங்கையும் காட்டாம கூட்டிட்டு வந்தா பிள்ளைங்க ஏமாந்து போக மாட்டாங்களா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஏழெட்டு விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் குறைந்தது ஐந்து நிமிடம் நில்லுங்கள். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓடினால், பிள்ளைகள் பார்ப்பது முன்னால் போகிற பிள்ளையின் முதுகைத்தான். முதல் நிமிடத்தில் “யானை!” என்று பெயர் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டாவது நிமிடம் சலிப்பு. அதைக் கடந்த பிறகுதான் உண்மையாகப் பார்க்கத் தொடங்குவார்கள், கேள்வியும் அங்கேதான் பிறக்கும். அந்த இரண்டாம் நிமிடத்தில் “சரி, நடங்க” என்று சொல்லாமல் இருப்பதுதான் ஆசிரியரின் வேலை.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு தூண்டுகேள்வி போதும். யானை ஏன் காதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது? (காது மடலில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடல் சூடு தணிகிறது.) முதலை ஏன் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கிறது? (பெரும்பாலும் கோபமில்லை, சூட்டை வெளியேற்றும் வழி.) ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு இருக்கும்? தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தபடி ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். மனிதனுக்கும் அதற்கும் ஏழேதான், ஒவ்வொன்றும் நீளம் என்று கேட்டதும் அந்தக் கழுத்தை இன்னொரு தடவை பார்ப்பார்கள். பூநாரையின் கால் ஏன் பின்பக்கமாக மடங்குகிறது? நாம் முழங்கால் என்று நினைப்பது அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே சிறகுக்குள் மறைந்திருக்கிறது.

விலங்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது வகை மாற்றுங்கள். ஊர்வன ஒன்று, பறவை இரண்டு, கூட்டமாக வாழும் பாலூட்டி ஒன்று, தனித்து வாழ்வது ஒன்று, தண்ணீரில் கிடப்பது ஒன்று. குரங்குக் கூட்டத்துக்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள், யார் வந்ததும் யார் இடம் விடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

8. ஒர்க்‌ஷீட் குடுக்கலாமா?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பலகையைப் பார்த்து நிரப்பும் தாள் கொடுத்தால் பிள்ளைகள் பலகையைத்தான் பார்ப்பார்கள், விலங்குக்கு முதுகைக் காட்டி நின்று எழுதுவார்கள். விலங்கைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்கிற மாதிரிக் கேளுங்கள்: முதலில் எந்தக் காலை எடுத்து வைத்தது? ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை வாலை ஆட்டியது? கெட்டி அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, பென்சிலை நூலில் கட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடைப்புக்குள் விழுந்த பென்சிலுக்காக ஒரு பிள்ளை கம்பிக்குள் கை நீட்டும்.

ஐந்து, ஆறு வயதினருக்குத் தாளே வேண்டாம்.

9. தலை எண்ணிக்கை எப்ப எப்ப எடுக்கணும்? அடிக்கடி எண்ணினாலும் கணக்குத் தப்புதே?

பேருந்தில் ஏறியதும், இறங்கியதும், நுழைவாயிலைத் தாண்டியதும், ஒவ்வொரு விலங்கின் இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பும், கழிப்பறைக்கு முன்னும் பின்னும், சாப்பிட உட்கார்ந்ததும் எழுந்ததும், மறுபடி பேருந்து நகரும் முன்பும்.

கணக்குத் தப்புவது பெரும்பாலும் ஒரே ஆள் நாற்பது தலைகளையும் எண்ணுவதால். பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், உயரமான பிள்ளைக்குப் பின்னால் குள்ளமான பிள்ளை மறையும். ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் ஆறு பேரை முகம் பார்த்துப் பெயர் சொல்லி எண்ணி, “என் ஆறும் இருக்கு” என்று நடத்தும் ஆசிரியரிடம் சொல்லட்டும். 2ஆம் பதிலில் சொன்ன பெயர்ப்பட்டியல் இதற்குத்தான். பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று சொல்ல வைக்கும் முறை விளையாட்டாக இருக்கும், ஆனால் வராத நண்பனின் எண்ணைப் பக்கத்துப் பிள்ளை சேர்த்துச் சொல்லிவிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

10. அப்படியும் ஒரு பிள்ளையைக் காணோம்னா முதல்ல என்ன செய்யணும்?

மற்றக் குழுக்களை அங்கேயே நிறுத்தி உட்கார வையுங்கள். எல்லாரும் தேடப் புறப்பட்டால் இன்னும் இரண்டு பேர் தொலைவார்கள். கடைசியாக எண்ணிக்கை சரியாக இருந்த இடத்துக்கு நடத்தும் ஆசிரியர் திரும்பிப் போக, இன்னொருவர் அதே நிமிடம் பூங்கா ஊழியரிடம் சொல்லட்டும். “கொஞ்ச நேரம் நாமே பார்ப்போம்” என்று தாமதிக்காதீர்கள். வெளிவாயில்களைக் கண்காணிக்க ஊழியர்களால்தான் முடியும். காலையில் கிளம்பும் முன் ஒவ்வொரு குழுவையும் ஒரு படம் எடுத்து வைத்தால், அன்றைய உடையோடு பிள்ளையை அடையாளம் காட்டலாம்.

பிள்ளைகளுக்கு முந்தைய நாளே மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள்: தனியாகிவிட்டால் நடக்காதே, நின்ற இடத்தில் நில். உன் ஆசிரியர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடு. சீருடை போட்ட பூங்கா ஊழியர் கண்ணில் பட்டால் அவரிடம் சொல், வேறு யார் கூப்பிட்டாலும் போகாதே. மணிக்கட்டுப் பட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் போதும். பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைப் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுவார்கள்.

11. சாப்பாடு, தண்ணி எல்லாம் எப்படி?

தண்ணீர் ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் இருக்க வேண்டும், பேர் எழுதிய பாட்டிலில். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு விலங்குக்கு ஒரு முறை எல்லாரையும் குடிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு சூட்டில் கெடாததாகவும், கையில் ஒழுகாததாகவும் இருக்கட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால் உணவைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கு அன்று ஒருநாள் விடுப்புக் கொடுங்கள்.

திறந்தவெளியில் திரியும் குரங்குகளோ பறவைகளோ உள்ள பூங்காவில் கூரையும் சுவரும் உள்ள இடத்தில் மட்டும் பைகளைத் திறக்க வேண்டும். குரங்கு பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள். இழுபறியில்தான் கடியும் கீறலும் வரும். கடித்தாலோ கீறினாலோ, சிறியதாகத் தெரிந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

12. ஆடு, முயல் எல்லாம் தொட்டுப் பார்க்கிற இடம் இருக்கு. விடலாமா?

விடலாம், கட்டுப்பாட்டோடு. விரித்த உள்ளங்கையால் முதுகில் மட்டும் தடவட்டும், முகத்தின் அருகே கை போகக் கூடாது, முத்தம் கூடாது. விலங்கு விலகிப் போனால் துரத்தக் கூடாது. அதற்கு ஓய்வு வேண்டும் என்று அது சொல்லும் விதம் அது.

வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுவது கட்டாயம். நலமாகத் தெரியும் ஆடு மாடுகளின் சாணத்தில் இ.கோலை என்ற கிருமியும், ஆமை போன்ற ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா என்ற கிருமியும் இருக்கலாம். அழுக்கான கையில் கைச்சுத்திகரிப்புத் திரவம் சரியாக வேலை செய்யாது, அதனால் அது கழுவுவதற்கு மாற்று ஆகாது. தொடும் இடத்தைச் சாப்பாட்டுக்குப் பின்பு வைத்துக்கொண்டால் பாதிக் கவலை குறையும்.

13. கத்தாதே, கண்ணாடியைத் தட்டாதேன்னு சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல.

தடையை மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள், காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையை மேசையடியில் உட்கார வைத்து, மேலே மற்றவர்கள் விரலால் தட்டட்டும். உள்ளே எவ்வளவு சத்தம் என்று அந்தப் பிள்ளையே வெளியே வந்து சொல்லும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் அதிர்வை உடம்பால் உணரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குரங்கினங்களைப் பார்த்துப் பல்லிளிப்பதும் கண்ணோடு கண் முறைப்பதும் அவற்றுக்கு மிரட்டல். குரங்கு பல்லைக் காட்டுவதும் பெரும்பாலும் சிரிப்பல்ல, பயமோ எச்சரிக்கையோதான். தீனி போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: ஒவ்வொரு விலங்குக்கும் அளந்து தயாரித்த உணவு இருக்கிறது. நாம் ஒரு துண்டு போடலாம், ஆனால் அன்று வருகிற ஒவ்வொருவரும் ஒரு துண்டு போட்டால் விலங்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

14. பாம்பு இருக்கிற பக்கமே வர மாட்டேன்னு ஒரு பிள்ளை அழுதா?

வர வேண்டாம். “ஒண்ணும் பண்ணாது, வா” என்று கையைப் பிடித்து இழுத்தால் பயம் இறுகும். வெளியே ஒரு பெரியவரோடு நிற்கட்டும். மற்றவர்கள் பார்த்ததைத் திரும்பி வந்து சொல்லும்போது, சில பிள்ளைகள் தாமாகவே வாசல்வரை போவார்கள். பாம்பு முறைக்கிறது என்பதே பலரின் பயம். அதற்கு இமை கிடையாது, கண்ணாடி போன்ற செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது, தூங்கும்போதும் கண் திறந்தே தெரியும் என்று சொன்னால் கொஞ்சம் தெளிவார்கள்.

15. சத்தம், கூட்டம் தாங்காத பிள்ளை வகுப்புல இருக்கு. வீட்லயே விட்டுட்டு வரச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளையும் இந்த வகுப்புதான். போகும் வழியையும் பார்க்கப்போகும் விலங்குகளையும் படங்களாக வரிசைப்படுத்தி முன்பே கொடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பதற்றம் பெருமளவு தணியும். காதுமூடி இருக்கட்டும். எதிரொலிக்கும் பறவைக் கூடத்தையும் இருட்டான இரவு விலங்குக் கூடத்தையும் தவிர்க்கும் உரிமை இருக்கட்டும். ஒதுங்கி உட்கார ஒரு அமைதியான இடத்தை 3ஆம் பதிலில் சொன்ன முன்பார்வையிலேயே பார்த்து வையுங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை போகக்கூடிய பாதையையே மொத்த வகுப்புக்கும் பாதையாக்குங்கள்.

16. என் பிள்ளை வகுப்புல, நானும் கூட வரலாமா?

வரலாம், ஆனால் ஒரு குழுவின் பொறுப்பாளராக. சொந்தப் பிள்ளை வேறு குழுவில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் கண் ஒரே பக்கம் போகும், மற்ற ஐந்து பேர் பின்னால் நிற்பார்கள். தம்பி, தங்கையை அழைத்து வர வேண்டாம். பள்ளியின் விதி அனுமதித்தால் ஒழிய, மற்றப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பகிர வேண்டாம்.

17. புலி ஒரே இடத்துல இங்கயும் அங்கயுமா நடந்துட்டே இருக்கு. “அது பாவம்தானே மிஸ், இது ஜெயிலா?”ன்னு கேட்டா என்ன சொல்ல?

மழுப்பாதீர்கள். சில சமயம் உணவு வரும் நேரம் நெருங்குவதால் நடக்கும், பராமரிப்பாளரின் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடும். ஆனால் அதே தடத்தில் நெடுநேரம் திரும்பத் திரும்ப நடப்பது, அடைபட்ட சூழலில் தன் இயல்பான வேலைகளைச் செய்ய முடியாததன் அடையாளமாகவும் இருக்கலாம். இதைத் தணிக்கத்தான் உணவை ஒளித்து வைப்பது, புது மணங்களைப் பரப்புவது, ஏற மரக்கட்டைகள் வைப்பது போன்றவற்றைப் பூங்காக்கள் செய்கின்றன. அப்படி என்னவெல்லாம் அந்த அடைப்பில் இருக்கிறது என்று பிள்ளைகள் தேடட்டும், பராமரிப்பாளரிடமும் கேட்கட்டும்.

ஜெயிலா என்ற கேள்விக்கு “ஆமாம்”, “இல்லை” என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் முற்றிலும் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் என்ற மான், பூங்காக்களில் வளர்த்த கூட்டத்திலிருந்து 1982இல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி விடப்பட்டது. இதையும் சொல்லுங்கள், அந்தப் புலியின் நடையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையால் இரண்டையும் ஒருசேர மனதில் வைக்க முடியும்.

18. விலங்குகள் இணை சேர்றதைப் பார்த்துட்டு “என்ன பண்ணுது?”ன்னு கேட்டுட்டா?

“குட்டி போடறதுக்காகச் சேருது” என்று ஒரே வரியில், சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே போதும். பதறி இழுத்துக்கொண்டு ஓடினால்தான் அன்று முழுக்க அதே பேச்சாக இருக்கும். பச்சை இறைச்சி கொடுப்பதைப் பார்த்துக் கேட்டாலும் இதே அளவு நேர்மை போதும்.

19. ஏதாவது விலங்கு தப்பிச்சு வெளிய வந்துட்டா?

மிக அரிது. பூங்காக்களில் இதற்கென்று ஒத்திகை உண்டு. அறிவிப்பு வந்தால் ஊழியர் காட்டும் கட்டடத்துக்குள் ஓடாமல் நடந்து போங்கள், கதவை மூடி எண்ணிக்கை எடுங்கள், அவர்கள் சொல்லும்வரை வெளியே வராதீர்கள். பேருந்து பக்கத்தில்தானே இருக்கிறது என்று திறந்தவெளியைக் கடக்க வேண்டாம். பலத்த காற்று, இடி மின்னல் வந்தாலும் இதே முறைதான். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

20. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொன்னா, எல்லாரும் ஒரே மாதிரி “யானை பார்த்தோம், புலி பார்த்தோம்”னு எழுதுறாங்க.

மொத்தப் பயணத்தையும் எழுதச் சொன்னால் பட்டியல்தான் வரும். ஒரு விலங்கின் ஐந்து நிமிடத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 7ஆம் பதிலில் சொன்னபடி நின்று பார்த்திருந்தால் எழுத நிறைய இருக்கும். எழுத வராத சின்னவர்கள் அந்த விலங்கு நடந்தபடி நடந்து காட்டட்டும், மற்றவர்கள் எதுவென்று கண்டுபிடிக்கட்டும். விடை தெரியாமல் நின்ற கேள்விகளைத் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த வாரம் ஒவ்வொன்றாகத் தேடி விடை எழுதலாம், கிடைக்காதவற்றைப் பூங்காவின் கல்விப் பிரிவுக்குப் பிள்ளைகள் கையாலேயே கடிதமாக எழுதி அனுப்பலாம். பயணம் முடிந்த மறுநாளே இதைத் தொடங்கிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் பாதி மறந்திருக்கும்.